சான்றிதழுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

வாசிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், முதலில் வைத்தியரிடம் காட்டுமாறு பெற்றோருக்குச் சொல்வதும், சான்று வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பறை தன் பங்கை ஒத்திவைப்பதும் இலங்கைப் பாடசாலைகளில் ஏறத்தாழ ஒரு நடைமுறையாகவே ஊன்றிவிட்டன. சிறுவர் விருத்திக்கான சிறப்பு நிலையங்கள் அருகிலுள்ள மேல் மாகாணத்தில் இந்த ஆலோசனைக்கு ஓரளவு பொருள் உண்டு. திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தொலைவில், பெருங்குளத்தையும் அதன் நீரில் விளையும் வயல்களையும் நம்பி வாழும் கந்தளாயில், அதே ஆலோசனை பெரும்பாலான குடும்பங்களுக்குக் காலவரையறையற்ற காத்திருப்பாகவே முடிகிறது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து ராகமையில் இயங்கும் ‘அயதி’ நிலையம் இங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் கற்கைநெறி அதே பல்கலைக்கழகத்தில் 1997இல் தொடங்கிய போதிலும், தமிழில் ஒரு பிள்ளையை மதிப்பிடக்கூடியவர்கள் இன்றும் சிலரே. கூலி வேலைக்குப் போகும் தந்தை ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ்ஸேறி, தனக்குச் சரளமில்லாத மொழியில் பிள்ளையின் சிக்கலை விளக்கிச் சான்று பெற்று வருவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்ததன்று. இடர்பாட்டை முதலில் காண்பவரும் அதற்கு உடனடியாக ஏதேனும் செய்யக்கூடியவரும் ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியரே என்பதையும், அவருடைய வேலை சான்றிதழுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும் என்பதையும் கல்வி நிர்வாகம் ஏற்றுக்கொண்டாலன்றி இந்நிலை மாறாது.

கற்றல் இடர்பாடு என்பது, பொதுவான அறிவாற்றலில் குறைவின்றி, பார்வையும் செவிப்புலனும் சீராக இருந்து, முறையான கற்பித்தலும் கிடைத்த பின்னரும், வாசித்தல், எழுதுதல், கணித்தல் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ ஒரு பிள்ளை தன் வயதுக்குரிய நிலையை நீண்டகாலமாக எட்ட இயலாமல் இருப்பதைக் குறிக்கும். அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கேர்க் 1963இல் சிக்காகோவில் பெற்றோர் மாநாடொன்றில் பயன்படுத்திய பிறகே இச்சொல்லாட்சி பரவியது. வாசிப்பில் தோன்றுவது டிஸ்லெக்சியா என்றும், எழுத்தில் தோன்றுவது டிஸ்கிராபியா என்றும், எண்களைக் கையாள்வதில் தோன்றுவது டிஸ்கல்குலியா என்றும் அழைக்கப்படுகின்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, பல்வேறு மொழிகளிலும் பண்பாடுகளிலும் பாடசாலை வயதினரில் 5 முதல் 15 வீதத்தினரிடம் இது காணப்படுவதாகக் கூறுகிறது. அதன் கீழெல்லையை எடுத்துக்கொண்டாலும், முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பறையில் ஒருவரோ இருவரோ இத்தகையவராக இருப்பர். ஆகவே, எப்போதாவது ஒருமுறை தென்படும் அபூர்வம் என்று இதனை எந்த ஆசிரியரும் ஒதுக்கிவிட முடியாது.

இந்தத் துறையின் வரலாறே ஓர் ஆசிரியரின் அவதானத்தில் தொடங்குகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிறிங்கிள் மோர்கன், வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய குறிப்பே டிஸ்லெக்சியா பற்றிய தொடக்கக்கால ஆவணங்களுள் புகழ்பெற்றது. அச்சிறுவனுக்குப் பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாகவே நடத்தப்பட்டால் பாடசாலையிலேயே அவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனைச் சில ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் கருதியதை மோர்கன் அதில் பதிவு செய்துள்ளார். மருத்துவர் பெயர் சூட்டுவதற்கு முன்பே ஆசிரியர் சிக்கலின் வடிவத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்.

வாசிக்காத பிள்ளைகள் எல்லோரும் கற்றல் இடர்பாடு உள்ளவர்கள் அல்லர் என்பதும் இங்கே அழுத்திச் சொல்லப்பட வேண்டும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் கொரோனா மூடல்களும், 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கைவிடப்பட்ட பாடசாலை நாட்களும் ஒரு தொகுதிப் பிள்ளைகளின் முதல் எழுத்துகளையே பறித்துச் சென்றன. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரக்கணக்கான மக்கள் கந்தளாயின் பாடசாலைகளிலும் முகாம்களிலும் தங்கியபோது சிறுவராக இருந்தவர்கள், இன்று தாமே முதலாந்தரப் பிள்ளைகளின் பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள். அறுந்துபோன தமது பள்ளிப் படிப்பின் தடத்தோடுதான் அவர்களுட் பலர் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்கிறார்கள். கற்பிக்கப்படாததால் வாசிக்காத பிள்ளையையும், கற்பித்தும் வாசிக்க இயலாத பிள்ளையையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய முடியாது. நன்றாகக் கற்பித்துப் பார்ப்பதே பிரித்தறியும் வழி. தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வயதால் அன்றி அடைந்த நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாக்கிக் கற்பித்தது. அது கற்றல் இடர்பாட்டைக் கண்டறிவதற்கென வகுக்கப்பட்டதன்று. எனினும், அத்தகைய கற்பித்தலில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு தவணைகளில் மேல்நிலைக்கு நகர்ந்துவிட, மீண்டும் மீண்டும் அரும்பிலேயே நின்றுவிடும் பிள்ளை யார் என்பது தானாகவே தெரிந்துவிடும். எந்தச் சோதனைக் கருவியும் இல்லாமல் ஒரு வகுப்பறை கண்டுபிடிக்கக்கூடிய உண்மை அது.

தமிழில் இந்த இடர்பாடு எப்படித் தோன்றும் என்பது பற்றிய தெளிவின்மை இன்னொரு தடை. இணையத்திலும் துண்டுப் பிரசுரங்களிலும் காணப்படும் அடையாளப் பட்டியல்கள் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆங்கில ‘பி’ எழுத்தையும் ‘டி’ எழுத்தையும் இடவலம் மாற்றி எழுதுவது அவற்றுள் முதலிடம் பெறும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலரும் சாதாரணமாகச் செய்வது அது என்பது ஒருபுறமிருக்க, தமிழ் நெடுங்கணக்கில் அத்தகைய கண்ணாடிப் பிம்ப எழுத்துச் சோடிகளே இல்லை. அதேபோல ல, ள, ழ வேறுபாட்டிலும் ர, ற வேறுபாட்டிலும் பிழைவிடுவதை மட்டும் கொண்டு ஒரு பிள்ளைக்கு இடர்பாடு உண்டென முடிவு கட்டுவதும் தவறு. கிழக்கிலங்கைப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால் அது ஊர் முழுவதற்கும் பொதுவான பிழை.

கவனிக்க வேண்டியவை வேறு. தமிழ் எழுத்துமுறையில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஓர் அசையைக் குறிக்கிறது. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனச் சேர்த்து 247 எழுத்துகள் என்று சொல்லப்பட்டாலும், பதினெட்டு மெய்களையும் பன்னிரண்டு உயிர்களின் குறிகளையும் அறிந்தவர் ஏனையவற்றைத் தாமே கட்டிக்கொள்ளலாம். ‘பகல்’ என்ற சொல்லில் முதலெழுத்தை எடுத்துவிட்டால் ‘கல்’ மிஞ்சும் என்று ஐந்து வயதுப் பிள்ளை எளிதில் சொல்லிவிடும். ஆனால் ‘கல்’ என்பதன் முதல் மெய்யொலியை மட்டும் மாற்றிப் ‘பல்’ ஆக்குவதற்கு, ககரத்தைக் க், அ என்று மனத்துக்குள் பிளந்தறிய வேண்டும். சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கையாளும் இத்திறன் ஒலியன் உணர்வு எனப்படும். வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பலவீனப்பட்டிருப்பது இதுவே. கண் ஒழுங்காகப் பார்க்கும்போதும் ஒலியும் வடிவும் விரைவாகப் பிணைவதில்லை. இதற்கு மேல், எழுத்தின் வடிவமைப்பும் சில பொறிகளை வைத்திருக்கிறது. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் எழுதப்படுகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றிலோ அது மெய்யை இருபுறமும் சூழ்ந்துகொள்கிறது. கால் குறியும் ரகரமும் அச்சில் ஏறத்தாழ ஒரே உருவம். ஔகாரக் குறியின் பின்பாதியை ளகரத்திலிருந்து பிரித்தறியச் சொல்லைத் தெரிந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வல்லின எழுத்தொன்று இடத்துக்கும் சொல்லுக்கும் ஏற்ப ஒலி மாறுவதும் உண்டு. பாடம், பஸ், பாத்திமா ஆகிய மூன்று சொற்களும் ஒரே பகரத்தில் தொடங்கி மூன்று வேறு ஒலிகளைக் கேட்கின்றன.

இவ்வகை எழுத்துமுறையைக் கற்கும் வேகம் பற்றிக் கன்னடப் பிள்ளைகளிடையே ஆய்வு செய்த சோனாலி நாக், அசையெழுத்துத் தொகுதி முழுவதையும் அவர்கள் வசப்படுத்த நான்காம் வகுப்பு வரையோ அதற்கு மேலோ காலம் எடுப்பதை 2007இல் எடுத்துக்காட்டினார். கன்னடத்திலுள்ள கூட்டெழுத்துகள் தமிழில் இல்லாததால் தமிழ்ப் பிள்ளையின் சுமை குறைவு. ஆயினும் இரண்டாந்தரத்தில் எல்லா எழுத்தும் தெரியவில்லை என்பது மட்டும் அச்சப்படுவதற்குரிய காரணமாகாது என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகும். அதைவிட முக்கியமான பாடம் ஜெர்மன் மொழியிலிருந்து கிடைக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் சீரான தொடர்புள்ள அம்மொழியில், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் காலப்போக்கில் பிழையின்றி வாசிக்கக் கற்றுக்கொண்டாலும் வேகம் மட்டும் மிகப் பின்தங்கியே இருப்பதை ஆஸ்திரிய ஆய்வாளர் ஹைன்ஸ் விம்மர் 1990களில் கண்டறிந்தார். ஆங்கிலத்தோடு ஒப்பிடுகையில் தமிழும் எழுத்தொலிச் சீர்மையுள்ள மொழியே. எனவே நான்காந்தரத்தில் ஒரு பத்தியை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பிழையின்றி முடித்துவிடும் பிள்ளை, ‘வாசிக்கிறான், ஆனால் சோம்பேறி’ என்ற தீர்ப்போடு அனுப்பப்பட்டுவிடுகிறது. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ போன்ற நீண்ட சொல்லின் கடைசியை அடைவதற்குள் அதன் தொடக்கத்தை அப்பிள்ளை மறந்துவிடுகிறது. வாக்கியத்தின் பொருள் அதன் கைக்கு எட்டுவதேயில்லை. பிழைகளை மட்டும் எண்ணும் ஆசிரியர் இப்பிள்ளையைத் தவறவிடுவார். வயதுக்கேற்ற ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் சரியாக வாசிக்கப்படுகின்றன என்று பார்ப்பவர் தவறவிடமாட்டார். அதற்கு வேண்டியது ஒரு கடிகாரமும் ஒரு பக்கத் தாளும் மட்டுமே.

கந்தளாய்க்கே உரிய ஒரு சூழல் இங்கு கருதத்தக்கது. பேராறு போன்ற பகுதிகளின் முஸ்லிம் பிள்ளை, வீட்டில் ‘வாப்பா’, ‘உம்மா’ என்று பேசி வளர்ந்து, பாடசாலையில் எழுத்துத் தமிழைச் சந்தித்து, மாலையில் குர்ஆன் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்தைக் கற்று, ஆங்கிலத்தையும் கடைத்தெருவெங்கும் எதிர்ப்படும் சிங்களத்தையும் பதினொரு வயதுக்குள் கையாளத் தொடங்குகிறது. இத்தனை மொழிகள்தான் பிள்ளையைக் குழப்பிவிட்டன என்று பெற்றோரும் சில வேளைகளில் ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள். பன்மொழிச் சூழல் டிஸ்லெக்சியாவை உண்டாக்குவதில்லை. மாறாக, உள்ளதை உறுதிப்படுத்திக்கொள்ள அது வாய்ப்பளிக்கிறது. தமிழில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்குப் பாடசாலைக் கற்பித்தலிலோ வருகையிலோ குறை இருக்கலாம். தமிழிலும் அரபிலும் ஒரேவகையாக எழுத்தை ஒலியாக்கத் திணறி, ஆனால் காதால் கேட்ட சூறாக்களைத் தடையின்றி மனனம் செய்து ஓதும் பிள்ளை, தன் சிக்கலின் இடத்தைத் தானே சுட்டிக்காட்டிவிடுகிறது. மனனத் திறன் வாசிப்பு இடர்பாட்டைப் பல ஆண்டுகள் மறைத்துவிடும் என்பதை ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் அறிவர். பாடநூலின் பக்கங்களையே ஒப்புவித்துவிடும் பிள்ளைகள் உண்டு. மத்ரஸா ஆசிரியரும் வகுப்பாசிரியரும் ஒரு பிள்ளையைப் பற்றி ஆண்டுக்கொரு முறையேனும் பேசிக்கொண்டால், பல மாதக் குழப்பம் ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்துவிடக்கூடும்.

சிங்கள மொழிமூலப் பாடசாலைகளும் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளும் அருகருகே இயங்கும் ஊர் இது. இரு எழுத்துமுறைகளும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. இரண்டும் அசையெழுத்து முறைகள். இரண்டிலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் பெரும் இடைவெளி உண்டு. பேச்சில் ஒன்றாகிவிட்ட இரு னகர ஒலிகளை எழுத்தில் பிரித்தெழுதத் திண்டாடும் சிங்களப் பிள்ளையின் நிலை தமிழாசிரியருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. கொழும்பில் ஆங்கிலக் கருவிகளை மொழிபெயர்த்து நடத்தும் பயிற்சிகளைவிட, இவ்விரு மொழிமூல ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்து தத்தம் பிள்ளைகளின் வாசிப்புப் பிழைகளை ஒப்பிடும் ஒரு பயிலரங்கு அதிகம் கற்றுத்தரும். மொழியால் பிரிந்து கிடக்கும் கல்வி நிர்வாகத்தில் அத்தகைய அரங்குகள் அரிதாகவே நடக்கின்றன என்பது இன்னொரு கட்டுரைக்குரிய துயரம்.

சட்டத்தின் நிலை விந்தையானது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், உடல் அல்லது உளத் திறன் குறைவினால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரையே இயலாமையுடையவராக வரையறுக்கிறது. தானே உடுத்தி, கடைக்குப் போய், மாடு மேய்த்து, சைக்கிளைப் பழுது பார்த்து, ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்க முடியாத பிள்ளை இந்த வரையறைக்குள் இலகுவில் அடங்குவதில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகை இயலாமைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்தது. 1990களின் தொடக்கம் முதல் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்றவற்றின் நீண்டகால உழைப்பும் பொதுக் கருத்தும் அதற்கு முன்னரே நிலத்தைப் பண்படுத்தியிருந்தன. இலங்கையும் 2016இல் ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் கட்டாயக் கல்வி வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. பிள்ளையைப் பதினாறு வயதுவரை வகுப்பில் இருத்தச் சட்டம் கட்டளையிடுகிறது. இருந்து என்ன கற்கும் என்பதைப் பற்றி அது பேசவில்லை. சில பாடசாலைகளில் உள்ள விசேட கல்வி அலகு, செவிப்புலன் குறைபாடு, அறிவாற்றல் குறைபாடு, ஓட்டிசம் முதலியவற்றையுடைய பிள்ளைகளுக்கு உதவலாம். வாசிப்பு இடர்பாடு மட்டும் உள்ள பிள்ளையை அதற்குள் அனுப்புவது, அப்பிள்ளைக்கு நன்றாக விளங்கக்கூடிய சூழல்சார் பாடத்தையும் விளையாட்டுத் தோழரையும் சேர்த்தே பறிப்பதாகும். அப்பிள்ளையின் இடம் வழமையான வகுப்பறை. வேண்டியது நாள்தோறும் அரைமணி நேரப் பரிகாரக் கற்பித்தல், அதாவது தவறிய படிநிலைக்குத் திரும்பிச் சென்று சிறு குழுவில் நடத்தும் கற்பித்தல்.

அக்கற்பித்தலின் உள்ளடக்கத்தில் மர்மம் ஏதுமில்லை. 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டனும் அனா கில்லிங்காமும் உருவாக்கிய முறை, ஒலி, வடிவம், கையசைவு ஆகியவற்றை ஒருங்கே இணைத்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக, கற்றதை அடிக்கடி மீட்டெடுத்துக் கற்பிப்பதைச் சொன்னது. மணலில் விரலால் எழுத்தை வரைந்து வாய்விட்டுச் சொல்லும் நமது பழைய திண்ணைப் பள்ளிப் பழக்கம் அதற்கு அந்நியமானதன்று. ஆனால் திண்ணையின் பிரம்பை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். பாடசாலைகளில் உடல்சார் தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் 2005இலும் 2016இலும் வெளிவந்த பின்னரும், வாசிக்கத் தெரியாமைக்காக அடிவாங்கும் பிள்ளைகள் இல்லாமற் போகவில்லை. கணித இடர்பாட்டுக்கும் இதே படிமுறை பொருந்தும். தொண்ணூறு என்பதற்குள் நூறும், தொள்ளாயிரம் என்பதற்குள் ஆயிரமும் ஒலிக்கும் மொழியில், எண்பதுக்கு அடுத்த பத்து நூறாகிவிடும் பிள்ளைக்குச் சொல்லைத் திரும்பத் திரும்ப ஒப்புவிக்கச் செய்வதைவிடப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளை எண்ணச் செய்வதே பயன்தரும். பார்வை, செவிப்புலன் சோதனையைப் பொறுத்தவரை, 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை ஏற்கெனவே உள்ள வாசல். தடுமாறும் பிள்ளைகளின் பெயர்களை முன்கூட்டியே அந்தக் குழுவிடம் கொடுப்பது அதிபரால் செய்யக்கூடியது.

வீட்டின் பங்கு பாடசாலையின் பங்கைத் திரும்பச் செய்வதன்று. களைத்து வந்த பிள்ளையைப் பாடநூலின் முன் மீண்டும் இரண்டு மணிநேரம் இருத்துவதால் வாசிப்பு வேகம் கூடாது, வெறுப்பே கூடும். பத்து நிமிடம் சேர்ந்து வாசித்தால் போதும். வரலாற்றையும் சூழலையும் தாயோ மூத்த சகோதரமோ வாசித்துக் காட்ட, பிள்ளை கேட்டு விளங்கிக்கொண்டு வாயால் விடை சொல்லலாம். தாய் வெளிநாட்டில் உழைக்க, எழுத்தறியாத பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் இப்பிரதேசத்தில் உண்டு. அவ்வீட்டில் தொலைபேசிவழி தாயின் குரல் ஒரு கதையை வாசிப்பதும், பாட்டி சொல்லும் விடுகதைகளும் சொல்வளத்தைப் பெருக்கும். வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைக்குச் சொல்வளம் பெரும் ஊன்றுகோல், ஏனெனில் அறிந்த சொல்லையே அது பாதி எழுத்திலிருந்து ஊகித்துப் பிடிக்கிறது. டிஸ்லெக்சியா குடும்பங்களில் தொடர்ந்து வருவது என்பதால், ‘நானும் இப்படித்தான் இருந்தேன்’ என்று ஒரு தந்தை சொல்வாராயின் அது சாக்குப்போக்கு என்று தள்ளத்தக்கதன்று. ஆசிரியர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய தகவல் அது.

இவை அனைத்துக்கும் குறுக்கே நிற்பது ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றி, ஐந்தில் ஒருவர்கூட வெட்டுப்புள்ளியை எட்டாத அப்பரீட்சை, ஏழைக் குடும்பத்துத் திறமைசாலிக்கு வழி திறக்கும் நோக்கில் இலவசக் கல்வியோடு சேர்ந்து வளர்ந்தது. இன்று அது மூன்றாந்தரம் முதலே வகுப்பறையின் நேரத்தையும் ரியூசன் கொட்டகைகளின் மாலைகளையும் விழுங்கிவிட்டது. குறித்த நேரத்துக்குள் விரைந்து வாசித்து விடையளிப்பதே அதன் முதல் நிபந்தனை. வேகமே குறைபாடாக உள்ள தமிழ்ப் பிள்ளை அங்கே அறிவுக்காக அளக்கப்படுவதில்லை. பாடசாலையின் பெயர் சித்தியடைந்தோர் எண்ணிக்கையால் நிர்ணயிக்கப்படும்வரை, பரிகாரக் கற்பித்தலுக்கு ஒதுக்கும் அரைமணி நேரத்தை வீணடிப்பாகவே அதிபர்களும் பெற்றோர்களும் காண்பார்கள். இதில் அவர்களை மட்டும் குறைசொல்வதும் நீதியாகாது.

பரீட்சையில் சலுகை என்பது தனியே பேசப்பட வேண்டியது. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும், மொழிப்பாட விலக்கும் மருத்துவச் சான்றின் பேரில் வழங்கப்படுகின்றன. இவற்றுள் கூடுதல் நேரம் மறுக்க முடியாத நியாயம்; மொழிப்பாட விலக்கோ, கற்பிக்கும் கடமையிலிருந்து பாடசாலையை விடுவித்துவிடும் அபாயமுடையது. இலங்கைப் பரீட்சைத் திணைக்களமும் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் முதலிய ஏற்பாடுகளைச் செய்கிறது. க.பொ.த. சாதாரண தரத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவசரமாகத் தேடப்படும் வைத்தியச் சான்று, பின்னணி ஏதுமின்றி ஒரு தாளாக மட்டும் நிற்கிறது. இரண்டாந்தர முடிவில் நிமிடத்துக்கு எத்தனை சொற்கள், எவ்வகைப் பிழைகள், எத்தனை மாதப் பரிகாரக் கற்பித்தலுக்குப் பின் என்ன மாற்றம் என்று வகுப்பாசிரியர் ஆண்டுதோறும் எழுதிவைத்த ஒரு கோவை இருக்குமாயின், எந்த மருத்துவரும் அதை முதலில் வாசிக்கவே விரும்புவார். அவருடைய மதிப்பீட்டில் பாதி வேலை அதில் முடிந்திருக்கும். ஆனால் ஆரம்பப் பாடசாலைகள் பல ஐந்தாந்தரத்தோடு முடிகின்றன. ஆறாந்தரத்தில் பிள்ளை வேறு பாடசாலைக்குப் போகிறது. பாடத்துக்கொரு ஆசிரியராக மாறிவிடும் அங்கே அப்பிள்ளையை முழுமையாக அறிந்தவர் எவரும் இல்லை. விடுகைப் பத்திரத்தோடு அக்கோவையும் புதிய அதிபரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகம் கட்டளையிடுவதற்குப் புதிய சட்டமோ புதிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. அடுத்த தவணை தொடங்குமுன் அனுப்பக்கூடிய ஒரு சுற்றறிக்கை போதும்.